புரட்டாசியில் சிப்பி விருந்து

புரட்டாசி சனிக்கிழமை. காலையில் குளித்து, நாமம் போட்டு, பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, சிப்பி சாப்பிடக் காரில் ஏறிய தமிழ்க் குடும்பம் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சிரிக்காதீர்கள். நான் சிரிக்கும் நிலைமையில் இல்லை அன்றைக்கு.

விஷயம் இதுதான். என் மகள் ஷாமினிக்குக் கல்யாணப் பேச்சு. பையன் பெயர் கென். பூச்சோங்கில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். சீனப் பையன். இதைக் கேட்டதும் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டில் புயல் அடித்து ஓய்ந்த கதையை நான் இந்தப் பத்தியில் எழுதவில்லை... எழுதியிருந்தால் உங்களில் பாதிப் பேர் பஞ்சாயத்துக்கு வந்திருப்பீர்களே!

நாங்கள் ஒருவழியாகச் சரி என்று தலையாட்டிவிட்டோம். ஆனால் அங்கே ஒரு தலை ஆடவில்லை. கென்னின் அம்மா.

கென்னின் குடும்பத்துக்குச் சிப்பித் தொழில். கிள்ளான், மேரு எல்லாம் தாண்டி, கடலோரத்தில் ஒரு சின்ன மீன்பிடித் துறை. முகத்துவாரச் சேற்றில் கம்பு நட்டு, கயிற்றில் சிப்பி வளர்க்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே கார் நிறுத்த இடம் இருக்காது. உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

கென்னுக்கு ஓர் அண்ணன். அவனுக்குக் கோலாலம்பூரில் பெண் எடுத்தார்கள். பெண் வீட்டார் முதல் தடவை இந்தத் துறைக்கு வந்தபோது, பலகை வீட்டைப் பார்த்தார்கள், மீன் வாடையை மோந்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வைத்த சாப்பாட்டைத் தொடவே இல்லையாம். அந்தக் கல்யாணம் நடந்தது. ஆனால் மகன் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. சீனப் புத்தாண்டுக்கு வந்தாலும் காலில் செருப்பைக் கழற்றாமலே கிளம்பிவிடுவானாம்.

அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். தன் வீட்டுச் சோறு எந்தத் தொண்டையில் இறங்கவில்லையோ, அந்த வீட்டோடு இனிமேல் சம்பந்தம் கிடையாது.

"அம்மா, ஆன்டி இன்னும் ஓகே சொல்லல. வந்து சாப்பிடட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்றாங்க," என்றாள் ஷாமினி.

"சாப்பிட்டா போச்சு. என்னைக்கு?"

அவள் தேதியைச் சொன்னாள். நான் காலண்டரைப் பார்த்தேன். எனக்குத் தலை சுற்றியது.

"அடிப்பாவி! புரட்டாசி சனிக்கிழமடி!"

"தெரியும்மா. அமாவாசை முடிஞ்ச கையோட தண்ணி நல்லா வத்துமாம். அப்பதான் பெரிய சிப்பியா எடுக்க முடியுமாம். அங்கிள் நமக்காகவே அந்த நாள பாத்து வச்சிருக்காரு. ஏற்கெனவே ஆன்டி மொறைச்சிக்கிட்டு இருக்காங்க. இதுல நான் போய் தேதிய மாத்துங்கன்னு எப்படி கேக்கறது?"

நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டுக்காரரிடம் இதை யார் சொல்வது?

அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் நான் பேசிவிடுகிறேனே! ஷாமினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது டெங்கிக் காய்ச்சலில் விழுந்தாள். டாக்டர்களே கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவர் பெருமாளிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால், உயிர் உள்ளவரை புரட்டாசி மாதம் முழுக்க மாமிசம் தொடமாட்டேன் என்று. பிள்ளை பிழைத்தாள். மனிதர் அன்றிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. விரதம் அவருக்கு, ஆனால் வெந்தயக் குழம்பு எனக்கும் சேர்த்துத்தான்.

இப்போது பாருங்கள் சிக்கலை. மகளுக்காகப் பிடித்த விரதம். மகளுக்காகவே முறிக்க வேண்டும்.

நான் அதற்கெல்லாம் விடுகிற ஆளா? திட்டம் போட்டேன். கைப்பையில் இரண்டு பிளாஸ்டிக் பைகள். தட்டில் விழுகிற சிப்பி நைஸாகப் பைக்குள் போய்விடும். அதற்கும் வழியில்லையென்றால் கேஸ்டிரிக், டாக்டர் கடல் உணவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று ஒரு பொய். வெறும் வயிற்றோடு திரும்புகிறவருக்கு வழியில் கொடுக்க, கார் பூட்டில் ஒரு டப்பா தயிர்சாதம். எத்தனை கல்யாண வீடு பார்த்தவள் நான்!

காரில் போகும்போது இந்தத் திட்டத்தை விளக்கினேன். கிள்ளானில் ஒரு சிக்னலில் கார் நின்றது. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கண்ணாடியைப் பார்த்து, நெற்றியிலிருந்த நாமத்தை மெதுவாகத் துடைத்தார்.

"ஏங்க... என்ன பண்றீங்க?"

"நான் சாப்பிடறேன்," என்றார். "பொய்யெல்லாம் வேணாம். அந்தம்மா பாவம், ஏற்கெனவே ஒரு பிள்ளைய விட்டுட்டு நிக்கிறாங்க. பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பின் சீட்டில் ஷாமினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பச்சை விளக்கு விழுந்து, பின்னாலிருந்த லோரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் கார் நகர்ந்தது.

துறை சின்னதுதான். கால்வாய் ஓரமாகப் படகுகள். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. பலகைப் பாலத்தின் இரண்டு பக்கமும் மரக்கால்களின் மேல் நிற்கும் வீடுகள். வீட்டுக்கு வீடு வாசலில் சிப்பி ஓடு குவித்துக் கிடந்தது. பாலத்தின் முனையில் ஒரு சிறிய சீனக் கோயில். அங்கிருந்து வரிசையாக மஞ்சள் கொடிகள். காற்றில் அவை படபடத்தது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைத் தாண்டி நான் யோசிக்கவில்லை. என் யோசனையெல்லாம் கைப்பையில் இருந்தது.

கென் ஓடிவந்து வரவேற்றான். அவன் அப்பா, எல்லாரும் டான் அங்கிள் என்கிறார்கள், முழங்கால்வரை சேற்றோடு சிரித்துக்கொண்டே வந்தார். பின்னாலேயே அந்த அம்மா.

வெள்ளைச் சட்டை. வெள்ளைக் கால்சட்டை. தலை முதல் கால் வரை வெள்ளை!

எனக்குப் பகீரென்றது. சம்பந்தம் பேச வருகிறவர்களை யாராவது வெள்ளை உடுத்தி வரவேற்பார்களா? நம் ஊரில் என்ன, அவர்கள் பழக்கத்திலும் அது சாவு வீட்டு உடை இல்லையா? 'முடிஞ்சுது கதை. வாயால சொல்லாம துணியால சொல்றாங்க' என்று முடிவே கட்டிவிட்டேன்.

"அண்ணே, வாங்க! தங்காச்சி, வாங்க! மக்கான், மக்கான்!"

பாசாரில் மீன் விற்கும் சீன அம்மாக்கள் நம்மைக் கூப்பிடுவார்களே, அதே அண்ணே, அதே தங்காச்சி, அதே 'மக்கான்', அதாவது சாப்பிடுங்கள். குரலில் அன்பு இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. அதற்கப்புறம் நடந்த பேச்செல்லாம் மலாயில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். உள்ளே நல்ல சமையலறை இருந்தும், அந்த அம்மா வெளியே பலகைமேல் ஒரு கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். சரிதான், நம்மை வீட்டுக்குள் சேர்க்க விருப்பமில்லை போலிருக்கிறது! சந்தேகம் வந்துவிட்டால் என் மூளை சும்மா இருக்குமா?

வெளியிலேயே போட்டிருந்த வட்ட மேசையில் உட்கார்ந்தோம். இஞ்சி தூவி அவித்த சிப்பி. முட்டையும் மாவும் போட்டுப் பொரித்த சிப்பி. பக்கத்தில் ஒரு முழு மீன். உள்ளங்கை அகலத்துக்குச் சிப்பி ஒவ்வொன்றும். டான் அங்கிள் காலையில் தண்ணீர் வற்றியதுமே சேற்றில் இறங்கிப் பொறுக்கி எடுத்தாராம், சின்னதையெல்லாம் திரும்பக் கடலில் விட்டுவிட்டு.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பிளாஸ்டிக் பையோடு இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேனே! அதோடு அங்கிள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டமும் போச்சு, மானமும் போகும்போல இருந்தது.

அந்த அம்மா உட்காரவில்லை. நின்றுகொண்டே பரிமாறினார். இருப்பதிலேயே பெரிய சிப்பியை எடுத்து, எங்கள் வீட்டுக்காரரின் கிண்ணத்தில் வைத்தார். வைத்துவிட்டு, நகராமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

கென் தன் அம்மாவைப் பார்த்தான். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கரண்டியை எடுத்தார். சிப்பியை அதில் ஏந்தினார். ஒரு கணம் கண்ணை மூடினார். என்ன பேசிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். கரண்டி வாய்க்குப் பக்கத்தில் போனது.

"அப்பா, வேணாம்!"

ஷாமினி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அவள் அழுதுகொண்டே அந்த அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"ஆன்டி, எங்க அப்பா விரதம். இந்த மாசம் பூரா மாமிசம் சாப்பிடமாட்டாரு. நான் சின்ன பிள்ளையில சாகக் கெடந்தேன், எனக்காக சாமிகிட்ட வேண்டிக்கிட்டது. இன்னைக்கு எனக்காகவே அத முறிக்கப் பாக்கறாரு. உங்க சாப்பாடு பிடிக்காம இல்ல ஆன்டி... ஆனா அவர சாப்பிட விடாதீங்க. இதுக்காக நீங்க என்னை வேணாம்னு சொன்னாலும் சரி."

சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். கென் முகம் பேயறைந்ததுபோல ஆகிவிட்டது. நான் நாற்காலியோடு நாற்காலியாக உறைந்துபோனேன். எந்தப் பெண்ணுக்காக இத்தனை நாடகமோ, அந்தப் பெண்ணே திரையைக் கிழித்துவிட்டாள்!

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அண்ணே... நீங்க விரதமா?"

"ஆமாம்மா," என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த அம்மா பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ! நானும்தான் லா!"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தன் வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பாலத்தோரம் பறந்த மஞ்சள் கொடியைக் காட்டினார். ஒன்பது ராஜா சாமி கடலிலிருந்து வந்து தங்கும் ஒன்பது நாள். அத்தனை நாளும் வெள்ளை உடுத்தி, சுத்த சைவம் இருக்கிற விரதம். அமாவாசை முடிந்து தொடங்கியிருக்கிறது. நம் கோயில்களில் நவராத்திரி தொடங்கிய அதே அமாவாசை!

விரதச் சமையலறையில் மாமிசம் நுழையக் கூடாது. அதனால்தான் எங்களுக்கு வெளியே அடுப்பு. எங்கள் வீட்டில் புரட்டாசி பிறந்தால் கறிச்சட்டியைத் தனியாக எடுத்துக் கட்டி, பரணில் ஏற்றுகிறேனே... அதே கதை. உப்பு பார்க்கக்கூட நாக்கில் வைக்காமல், கணவரை ருசிபார்க்கச் சொல்லிச் சொல்லி அத்தனையும் சமைத்திருக்கிறார் அந்த அம்மா. நான்தான் வெள்ளைத் துணியையும் வெளி அடுப்பையும் பார்த்துவிட்டு மனதுக்குள் என்னென்னவோ திட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஏம்மா இன்னைக்கு வரச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இவர் தண்ணிய பாத்தாரு, நாள சொன்னாரு. என் மகன் உங்ககிட்ட சொல்லிட்டான். அப்புறம்தான் நான் காலண்டர பாத்தேன். சிப்பிக்காரன் வீட்டுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. அவங்களுக்கு டோஃபு வைக்கவா? மூத்தவன் விஷயம் மாதிரி இதுவும் போயிடுமோன்னு எனக்கு பயம்."

கொஞ்சம் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்களும் உக்காந்து சாப்பிடுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தங்காச்சி, நானும் ஒண்ண எடுத்து முழுங்கியிருப்பேன். சாமி கோவிச்சா கோவிக்கட்டும். என் பிள்ளை மொகத்துல சிரிப்பு போய் ரொம்ப நாளாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். நான் அழுததைப் பார்த்து அந்த அம்மா சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். பிறகு எங்கள் இருவர் கோபமும் கென் பக்கம் திரும்பியது.

"உங்க அம்மா விரதம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"மறந்துட்டேன் ஆன்டி..."

மறந்துவிட்டானாம்! அந்த அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். எனக்காகவும் இன்னொன்று வைக்கச் சொன்னேன்.

உள்ளேயிருந்து ஒரு சின்னச் சட்டி வந்தது. அந்த அம்மா தனக்கென்று வைத்திருந்த சைவம். டோஃபு, காளான், கொஞ்சம் மீஹூன் சேமியா. ஓர் ஆள் சாப்பாடு. மூன்று பேருக்கு எப்படிப் போதும்? நான் காருக்கு ஓடினேன். பூட்டிலிருந்த தயிர்சாதம் வந்தது.

"வெங்காயம், பூண்டு இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மா. அவர்கள் விரதத்தில் அது ஆகாதாம்.

"இஞ்சியும் பச்சமொளகாயும்தான்."

ஒரு கரண்டி வாயில் வைத்தார். புளிப்பில் முகம் கோணியது. இருந்தும் இரண்டாவது கரண்டியை அவரே எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த டோஃபு அவ்வளவு பிடித்துவிட்டது. நான் வீட்டில் செய்து கொடுத்தால் தொடமாட்டார், அது வேறு விஷயம்.

சிப்பி என்ன ஆனது என்று கேட்பீர்களே? டான் அங்கிளுக்கு இந்த விரதமெல்லாம் கிடையாது. அவரும் கென்னும் தட்டுத் தட்டாகக் காலி செய்தார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஷாமினியும் சேர்ந்துகொண்டாள்.

"ஏண்டி, நீ புரட்டாசி இல்லையா?"

"வேண்டுதல் அப்பாவோடதும்மா," என்றாள், பொரித்த சிப்பியை வாயில் போட்டுக்கொண்டே. அவள் ஆபீஸில் மத்தியானம் என்ன சாப்பிடுகிறாள் என்று இனிமேல் நான் விசாரிக்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை வருடமாக ஒரே மண்ணில் இருக்கிறோம். தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கிறோம், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொள்கிறோம். ஒருவர் விருந்து இன்னொருவருக்கு அத்துப்படி. ஒருவர் விரதம் இன்னொருவருக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர் என்றைக்குச் சாப்பிடுகிறார் என்று தெரிந்த அளவு, என்றைக்கு, யாருக்காகச் சாப்பிடாமல் இருக்கிறார் என்று நாம் கேட்டதே இல்லையே. கேட்டிருந்தால் அன்றைக்கு இரண்டு பேர் அவரவர் சாமியை ஏமாற்றத் துணிந்திருக்க வேண்டாம்.

அன்று துறையிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மா ஷாமினியின் கையைப் பிடித்துக்கொண்டே பாலம் முழுக்க நடந்து வந்தார். கார் பக்கத்தில் வந்ததும் கென்னிடம் தங்கள் ஹொக்கியன் மொழியில் ஏதோ கேட்டார். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றேன்.

"கல்யாணத்துக்குச் சைவ மேசை எத்தன போடணும்னு கேக்கறாங்க, ஆன்டி."

அவ்வளவுதான். சம்மதம் கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போது ஷாமினி பின் சீட்டில் தூங்கிவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போலப் பேசாமல் ஓட்டினார். கிள்ளானைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இவளுக்காக நான் விரதம் இருக்கேன், இருக்கேன்னு இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு அவ எனக்காக கல்யாணத்தையே விடத் துணிஞ்சா பாத்தியா?"

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. நானும் பேசவில்லை. ஆமாம், நான்தான்... நம்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றி, பெருமாளுக்கு நன்றி சொன்னேன். அப்படியே கடல் இருக்கும் பக்கம் திரும்பி, ஒன்பது ராஜா சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டேன் – சம்பந்தி வீட்டுச் சாமி ஆயிற்றே, விட்டுவிட்டால் மரியாதையாகவா இருக்கும்!